காட்டெருமைப் பிரிவில் காலியிடம்

ஆப்பிரிக்கக் காட்டில் மனிதனைக் கொல்லும் பிராணிகள் எவை எவை என்று புத்தகம் போட்டவர்கள் எல்லாரும் ஒன்றை விட்டுவிட்டார்கள். அது காட்டில் இல்லை. எங்கள் ஊரில் ஒரு பழைய அரசுக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் அலுவலக நேரத்தில் மட்டும் இருக்கிறது. மதியம் சாப்பாட்டு இடைவேளை உண்டு. தனிவழிப் பயணிகள் பாதுகாப்பு வாரியம் என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

நான் லிஃப்ட் மெக்கானிக். பாதி மாடியில் மாட்டிக்கொண்டவர்களை வெளியே இழுத்துப் போட்டு, அவர்கள் திட்டுகிற திட்டை வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறவன். வம்பு தும்புக்குப் போகாதவன் என்று நாலு பேர் சொல்வார்கள். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டியில் விட்டுக்கொண்ட கதையாக நானாகத்தான் அந்த மூன்றாவது மாடிக்கு ஏறினேன். காரணம் என் மனைவியின் கண்.

அவள் சட்டைத் தொழிற்சாலையில் செக்கிங் பார்த்தவள். ஆயிரம் சட்டையில் ஒரு பிசிறு நூல் இருந்தாலும் பிடித்துவிடுவாள். அப்பேர்ப்பட்ட கண், ஓரத்திலிருந்து இருட்டிக்கொண்டு வர ஆரம்பித்தது. இப்போது அவளுக்கு உலகம் ஒரு குழாய் வழியாகத்தான் தெரிகிறது. அந்தக் குழாயும் ஒடுங்கிக்கொண்டே வருகிறது. அடுத்த மழைக்காலத்துக்கு மேல் தாங்காது என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார். "எதையாவது பாக்கணும்னு ஆசை இருந்தா இப்பவே பாத்துக்கம்மா" என்றார், கடை அடைக்கப் போகிறவர் சொல்வதைப் போல.

அவள் நகை கேட்கவில்லை, நட்சத்திர ஓட்டல் கேட்கவில்லை. ஆப்பிரிக்கக் காட்டில் மிருகங்களைப் பார்க்க வேண்டும் என்றாள். டூர் கம்பெனிக்காரனிடம் விசாரித்தேன். யானைக்கு ஐந்து நிமிடம், சிங்கத்துக்குப் பத்து நிமிடம், ஒட்டகச்சிவிங்கியை ஓடுகிற பஸ்ஸிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம் என்றான். வீட்டில் வந்து சொன்னேன்.

"ஏங்க, ஒரு சட்டையவே நான் காலர், கை, பட்டன், பாக்கெட்டுன்னு ஒண்ணொண்ணாத்தான் பாக்குறேன்" என்றாள். "முழு யானைய அஞ்சு நிமிஷத்துல எப்படிப் பாக்குறது? தும்பிக்கையே முடியாது. நாம தனியாப் போவோம். அங்கேயே டிரைவரோட வண்டி வாடகைக்குக் கிடைக்குதாம். மிருகம் நின்னா நாமளும் நிப்போம். அது போனா நாமளும் போவோம்."

நியாயமான ஆசைதான். ஆனால் கூட்டத்தோடு சேராமல் தனியாகக் காட்டுக்குப் போகிறவர்கள் வாரியத்தின் முத்திரை இல்லாமல் விமானம் ஏற முடியாது. சரி, ஒரு முத்திரைதானே, வாங்கிவிட்டு வருவோம் என்று போனேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்.

வாசல் சுவரில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது: அடி உதவுகிறதுபோல அண்ணன் தம்பி உதவ மாட்டான். ஏதோ மேலதிகாரிக்குப் பிடித்த பழமொழி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். விசாரணைக் கவுண்டரில் ஒல்லியாக ஒருவர் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தடுப்புக் கண்ணாடியில் ஒரு பை நுழையும் அளவுக்கு ஓட்டை. நான் குனிந்து, "சார், தனிப்பயண முத்திரை..." என்றேன். அதற்குள் அவர் கை ஓட்டை வழியாக வெளியே வந்து என் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கியது. மறு கை என் தலைமுடியைப் பற்றி முகத்தைக் கண்ணாடியில் மூன்று தரம் மோதியது. பிறகு என் சாப்பாட்டுப் பையைப் பறித்துக்கொண்டு, விட மறுத்த என் விரலைக் கடித்தார். நன்றாகவே கடித்தார். பையிலிருந்து வாழைப்பழத்தை எடுத்து உரித்துக்கொண்டே பேசினார்.

"பபூன் குரங்கு. வண்டி ஜன்னலைத் திறந்து வச்சா இப்படித்தான் நடக்கும். நீங்க ஃபெயில். இருந்தாலும் முதல் தடவைங்கிறதால பாஸ் போட்டுடறேன். உள்ள போய் டைரக்டரைப் பாருங்க."

மூக்கிலிருந்து வடிந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு, "கண்ணாடி சார்" என்றேன்.

"குரங்கு திருப்பித் தருமா?" என்றார் அவர். நியாயமான கேள்வியாகத்தான் பட்டது.

இயக்குநர் அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளை முழுக்கைச் சட்டை, சாந்தமான முகம். என் மூக்கைப் பார்த்ததும் அவருக்கு முகம் மலர்ந்தது. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"தனியாப் போறவங்கன்னா எங்களுக்குத் தனிப் பிரியம். கூட்டமாப் போறவன் செத்தா டூர் கம்பெனி பதில் சொல்லிக்கும். நீங்க செத்தா எங்களைக் கேப்பாங்க. அதனால நீங்க சாகக்கூடாது. முக்கியமா, காட்டுல சாகக்கூடாது. நாங்க கிளாஸ் எடுக்குறதில்ல, வீடியோ போட்டுக் காட்டுறதில்ல. சிங்கம் வீடியோ போட்டுட்டா வருது? இங்க எல்லாமே நேரடிப் பயிற்சி. ஒவ்வொரு பிரிவா தாண்டுறப்ப முன்கையில ஒரு முத்திரை. சூடுதான். காகிதம் தொலைஞ்சு போகும் சார், தோல் தொலையாது."

எழுந்து ஓடியிருக்கலாம். அவளுடைய மழைக்காலம் நினைவுக்கு வந்தது. உட்கார்ந்தே இருந்தேன்.

"இந்த வாரியம் ஆரம்பிச்ச நாள்லேருந்து எங்க அனுமதி வாங்கிப் போன ஒருத்தரைக்கூட ஒரு மிருகமும் தொட்டதில்ல. நகம்கூடப் பட்டதில்ல. உலகத்துல எந்த வாரியமாவது இப்படிச் சொல்ல முடியுமா?"

"எத்தனை பேர் சார் போயிருக்காங்க?"

"இன்னும் யாரும் கிளம்பல."

அவர் தலைக்கு மேலே சுவரில் கறுப்புச் சட்டம் போட்ட படங்கள் வரிசையாக இருந்தன. யார் சார் இவர்கள் என்று கேட்டேன்.

"விண்ணப்பம் போட்டவங்க. நல்ல மனுஷங்க. எல்லாம் இந்தக் கட்டடத்துக்குள்ளயே நடந்தது. கட்டடத்துக்குள்ள நடக்குறது கட்டடப் பராமரிப்புத் துறைக் கணக்குல போயிடும். நம்ம கணக்கு சுத்தம்" என்று சொல்லிவிட்டு மணியை அடித்தார். கம்பியைக் கங்கில் காய்ச்சி எடுத்துக்கொண்டு ஒருவர் வந்தார். குரங்கு முத்திரை விழுந்தது. என் சதை தீய்ந்த வாடையை நானே முகர்ந்தேன். இயக்குநர் ஜன்னலைச் சற்றுத் திறந்துவைத்தார்.

நீர்யானைப் பிரிவு மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குள் இயங்கியது. நீர்யானை முன்பு கணக்குப் பிரிவில் இருந்தவராம். பதவி உயர்வில் தொட்டிக்கு வந்தவர். கழுத்துவரை தண்ணீரில் அமிழ்ந்து, தொட்டி விளிம்பில் வைத்த டம்ளரில் காபி குடித்துக்கொண்டிருந்தார். "நீங்க எனக்கும் தண்ணிக்கும் நடுவுல வந்துட்டீங்க" என்றார். நான் தரையில்தான் நின்றுகொண்டிருந்தேன். அதைச் சொல்வதற்குள் என் கணுக்காலைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டார். அடியில் போட்டு மேலே உட்கார்ந்தார். மூச்சு முட்டி, கண் இருண்டு, விலா எலும்பு ஒன்று முறிகிற சத்தம் தண்ணீருக்குள் எனக்குத் தெளிவாகக் கேட்டது. மேலே அவர் யாரிடமோ, "இந்த மாசம் அகவிலைப்படி ஏறுதாமே" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பேச்சு முடிந்த பிறகுதான் எழுந்தார். தொட்டித் தண்ணீரைத்தான் அந்தக் கட்டடம் முழுக்கக் குடிக்கிறார்கள் என்பதை அங்கிருந்த காவலாளி சொன்னார். அவர் வீட்டிலிருந்து பாட்டில் கொண்டுவருகிறவர்.

சிங்கப் பிரிவில் மூன்று பெண்கள். வேட்டையாடுவது பெண் சிங்கம்தானே, அரசாங்கத்துக்கு அந்த அறிவெல்லாம் உண்டு. டைப் அடித்துக்கொண்டிருந்தவர்கள் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தவில்லை, மெஷினை மட்டும் நிறுத்தினார்கள். ஒருத்தி கதவுப் பக்கம் போனாள், ஒருத்தி ஃபைல் அலமாரிக்குப் பின்னால் பதுங்கினாள், மூத்தவள் நேராக வந்தாள். நான் வராந்தாவில் ஓடினேன். என் தொழில் புத்தி என்னை லிஃப்டுக்குக் கொண்டுபோய் நிறுத்தியது. பொத்தானை அழுத்தினேன். அழுத்திக்கொண்டே இருந்தேன்.

"லிஃப்ட் ஓடாதுங்க" என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி. "புல்வெளியில ஏது லிஃப்ட்டு?"

மூத்தவள் என் தோளில் ஏறிக் கீழே தள்ளினாள். இன்னொருத்தி கெண்டைக்கால் சதையில் பல்லை இறக்கினாள். மூன்றாவது பெண் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, உங்க மருமகளுக்கு என்ன குழந்தை?" என்று கேட்டாள்.

"பொண்ணு. ரெண்டே முக்கால் கிலோ" என்றாள் மூத்தவள், வாயிலிருந்ததைத் துப்பிவிட்டு. "கழுத்த இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடி. மூச்சு இருக்கு பாரு."

"யாரு மாதிரி இருக்கா?"

"மூக்கு எங்க வீட்டுக்காரர் மூக்கு."

சாப்பாட்டு மணி அடித்ததால் பிழைத்தேன். தலை தப்பியது தம்பிரான் புண்ணியம் என்பார்கள், எனக்குத் தப்பியது ஒரு மணி அடிக்கிற ஆளின் புண்ணியம். மூவரும் எழுந்து கைக்குட்டையால் வாய் துடைத்துக்கொண்டு சோப்பு எடுத்துக்கொண்டு கை கழுவப் போனார்கள். என் காதின் ஒரு துண்டு தரையில் கிடந்தது. கூட்டுகிற அம்மா வந்து அதைக் குப்பையோடு தள்ளிக்கொண்டு போனார்.

ஆஸ்பத்திரியில் தையல் போட்ட நர்ஸ், "என்ன ஆச்சு?" என்று கேட்டார். சிங்கம் என்றேன். "மூணாவது மாடியா?" என்று கேட்டுவிட்டு, யாரையும் கேட்காமல் என்னை ஒரு வார்டில் கொண்டுபோய்ப் படுக்கவைத்தார். அங்கே இருந்தவர்கள் எல்லாருக்கும் முன்கையில் சூடு இருந்தது.

என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் குழாய்ப் பார்வையால் என் உடம்பை அங்குலம் அங்குலமாகப் பார்த்தாள். காதைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள், காலுக்கு வர வெகு நேரம் பிடித்தது. பார்த்து முடித்ததும் அழுதாள்.

"போதுங்க. யானையும் வேணாம், ஒண்ணும் வேணாம். டிவியில போட்டா பாத்துக்குறேன்."

"இன்னும் எருமை ஒண்ணுதான் பாக்கி" என்றேன். "கைக்கு எட்டினது வாய்க்கு எட்டாமப் போகணுமா? இவ்வளவு அடி வாங்கியாச்சு. இப்ப விட்டா வாங்கின அடியெல்லாம் வீண்." அடி வாங்கினவனுக்கு வருகிற பேராசை அது. சூதாடுகிறவனுக்கு வருவதைவிட மோசம்.

காட்டெருமைப் பிரிவு வராந்தாவின் கடைசியில் இருந்த நீளமான அறை. எருமை வயதானவர். இரும்புக் குழாயை வளைத்துச் செய்த கொம்பைத் தலையில் தோல்வாரால் கட்டிக்கொண்டு, மூட்டுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கும்பிட்டார். "தப்பா நெனச்சுக்காதீங்க தம்பி. இது கடைசி மோதல். இதோட ரிட்டயர்டு" என்றார். அவ்வளவு மரியாதையாகப் பேசினவர் அந்த மூட்டோடு எப்படி அப்படி ஓடி வந்தார் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. தோள்பட்டை எலும்பு விலகியது. சுவரில் போய் விழுந்தேன். அவரும் முட்டி பிசகி என் மேலேயே விழுந்தார். இருவரும் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தோம். அப்போதுதான் சொன்னார்: ஏரியில் கூட்டமாக நிற்கும் பூநாரைகளைப் பார்க்க ஆசைப்பட்டு வாரியத்துக்கு வந்தவராம் அவர்.

"எப்ப வந்தீங்க?"

"அதெல்லாம் எதுக்கு இப்ப" என்றார்.

கடைசி முத்திரையை வாங்கிக்கொண்டு இயக்குநர் முன்னால் போய் நின்றேன். கூடவே மனைவியும் வந்திருந்தாள். இயக்குநர் எழுந்து நின்று கை கொடுத்தார். விலகிய தோளின் கையைத்தான் பிடித்துக் குலுக்கினார்.

"ரொம்ப சந்தோஷம். இனி அம்மாவோட எருமை மட்டும்தான் பாக்கி."

"தம்பதியா வந்தா ஒருத்தர் வாங்கினா போதும்னு சொன்னாங்களே சார்?"

"மத்த பிரிவுக்கெல்லாம் போதும். சிங்கம் ஒருத்தரைப் பிடிச்சா இன்னொருத்தரை விட்டுடும். எருமைக்கு அந்த நாகரிகம் கிடையாது. ரெண்டு பேரையும் மோதும்."

"எருமைதான் ரிட்டயர்டு ஆயிட்டாரே?"

இயக்குநர் என்னை மேலும் கீழும் பார்த்தார். தையல்காரர் அளவெடுக்கிற பார்வை. "மோதலைத் தாங்கினவர் அடுத்தவரை மோதணும். இதுதான் இங்க நடைமுறை. வெளியிலேருந்து ஆள் எடுத்தா அவனுக்கு வலி தெரியாது, ஏனோதானோன்னு மோதுவான். வலி தெரிஞ்சவன்தான் ஒழுங்கா மோதுவான். நீங்கதான் சார் இப்ப எருமை."

நான் முடியாது என்றேன். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, முடியாவிட்டால் எல்லாச் சூடும் ரத்து, அடுத்த வருடம் மறுபடி குரங்கிலிருந்து வரலாம் என்றார். எலும்பு முறியாமல் செல்லமாக மோதினாலும் ரத்துதான் என்றும் சொல்லிவைத்தார். என் மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அடுத்த வருஷம் எனக்கு எங்கங்க இருக்கு?"

"அதுக்காக உன்னப் போய்..."

"நனைஞ்சாச்சு, இனிமே முக்காடு எதுக்கு? இடது கைல மோதுங்க. வலது கை பைனாகுலர் பிடிக்க வேணும். தயங்காதீங்க. தயங்கினீங்கன்னா ரெண்டு தடவ மோத வேண்டி வரும். எனக்கு ரெண்டு தடவ தாங்காது."

நீளமான அறையின் நடுவில் அவளை நிறுத்தினார்கள். நான் பக்கவாட்டிலிருந்து வர வேண்டும் என்பது விதி. எருமை எதிரில் வந்து சொல்லிவிட்டு மோதாதாம். பக்கவாட்டில் அவளுக்கு எதுவுமே தெரியாது. அங்கே இருட்டு. நான் எங்கிருந்து வருகிறேன் என்று தெரியாமல், நேராகச் சுவரைப் பார்த்துக்கொண்டு, இடது கையைக் கொஞ்சம் விலக்கிக் காட்டியபடி நின்றாள். கொம்பைக் கட்டிவிட்டவர்கள் வாரை இறுக்கினார்கள். இந்த ஊரில் இருக்கிற எல்லா அலுவலகமும் இடிந்து விழட்டும் என்று சபித்தேன். விசில் கேட்டது. ஒரே தடவையில் முடிய வேண்டும் என்று வேண்டிக்கொண்டு என் பலத்தையெல்லாம் சேர்த்து ஓடினேன்.

ஒரே தடவையில் முடிந்தது. முழங்கைக்கு மேலே இரண்டாக ஒடிந்தது. அவள் கத்தவில்லை. தரையில் கிடந்து, "முடிஞ்சுதாங்க?" என்று மட்டும் கேட்டாள். எருமை முத்திரையை அந்த ஒடிந்த கையிலேயே வைத்தார்கள்.

இயக்குநர் கைதட்டினார். அறையில் இருந்த எல்லாரும் கைதட்டினார்கள். "அம்மாவுக்கு அனுமதி கொடுக்குறோம். மேலிடத்துல கேள்வி கேக்குறாங்க, ஒருத்தரையாவது அனுப்பினாத்தான் வாரியம் நீடிக்குமாம். நல்ல நேரத்துல வந்தீங்க" என்றார்.

"எனக்கு?"

"உங்களுக்கு எப்படி சார் தர முடியும்? கட்டின பெண்டாட்டியவே இந்த வேகத்துல மோதுறீங்க. உங்களைக் கொண்டுபோய்க் காட்டுல விட்டா அங்க இருக்குற மிருகங்க கதி என்ன? அதுங்க பாதுகாப்பையும் நாங்கதான பாக்கணும்."

"மெதுவா மோதியிருந்தா?"

"ரத்து பண்ணியிருப்போம்" என்றார், ஒளிவுமறைவு இல்லாமல். அடுத்த எருமை கிடைக்கும்வரை நான் வேலையில் இருக்கும் பட்சத்தில்தான் அவளுடைய முத்திரை செல்லும் என்பதையும் சொன்னார். லிஃப்ட் கம்பெனிக்கு அவர்களே தகவல் கொடுத்துவிட்டார்கள்.

நீங்கள் வராமல் நான் போக மாட்டேன் என்று அவள் அழுதாள். சண்டை போட்டேன், கையெடுத்துக் கும்பிட்டேன், கடைசியில் கையில் மாவுக்கட்டோடு அவளை விமானம் ஏற்றி அனுப்பினேன். அவள் கண் தேய்கிற வேகத்துக்கு எங்கள் சண்டைக்கு நேரமில்லை.

நேற்று முன்தினம் பிரிவில் உட்கார்ந்து மூட்டுக்குத் தைலம் போட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"ஏங்க, எருமைங்க" என்றாள். குசுகுசுவென்று பேசினாள். "காலைலேருந்து ஒரே எருமையப் பாத்துக்கிட்டிருக்கேன். மூக்குல ஆரம்பிச்சேன். இப்பத்தான் கழுத்துக்கு வந்திருக்கேன்."

"தூரத்துலயா?"

"ரொம்பக் கிட்டத்துல. காதுல ஒரு பழைய கிழிசல் இருக்கு, நம்ம ஃபேக்டரியா இருந்தா ரிஜெக்ட் பண்ணியிருப்பேன். கழுத்து மேல ஒரு குருவி உக்காந்து எதையோ கொத்துது. இது கண்டுக்கவே இல்ல."

"மோத வரலையே?"

"அதுக்கு ஏதுங்க நேரம்? மேயுது" என்றாள். "நீங்க பக்கத்துல இருந்திருக்கணும்."

"கை எப்படி இருக்கு?"

"அது கிடக்கு. வச்சிடட்டுமா? முதுகு ரொம்பப் பெருசா இருக்கும்போல, அதுக்குள்ள நகர்ந்துடப் போகுது. டிரைவர் தம்பி சாயந்தரம்வரைக்கும் நிக்கலாம்னு சொல்லிட்டாரு."

வைத்துவிட்டாள். அப்போதே அறைக்குள் ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். தபால் அலுவலகத்தில் வேலை பார்ப்பவராம், காதில் புதுத் தையல். நான் கொம்பை எடுத்துக் கட்டிக்கொண்டேன்.

என் வாழ்க்கையில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. அவள் கழுத்துவரை வந்துவிட்டாள். இன்னும் முதுகு இருக்கிறது, வால் இருக்கிறது, பொழுதும் மிச்சம் இருக்கிறது. எருமையும் நகராமல் நிற்கிறது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. விசில் ஊதியதும் அந்தச் சந்தோஷத்தோடேயே ஓடினேன். தபால்காரருக்கு மூன்று விலா எலும்பு போய்விட்டது. பாவம், ஒட்டகச்சிவிங்கி பார்க்க வேண்டும் என்று வந்தவர்.